அளக்காமல் எழுதிய எண்

(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)



தண்ணீர்ப் பரிசோதனைக்குத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டுமா என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். வங்கியில் கணக்கெழுதியவன் என்பதால் ஒரு பழைய கணக்கைச் சொல்கிறேன்.

கனடாவில் வாக்கர்டன் என்று ஒரு சிற்றூர். 2000 மே மாதம் பெருமழையில், மாட்டுச் சாணத்திலிருந்த ஈ.கோலை கிருமி ஊர்க் கிணற்றில் கலந்தது. சுமார் 2,300 பேர் நோயில் விழுந்தார்கள். 7 பேர் இறந்தார்கள். குளோரின் போட ஏற்பாடு இருந்தது. தினமும் அளந்து எழுதப் பதிவேடும் இருந்தது. ஆனால் ஊழியர்கள் அளக்காமலே 0.5, 0.75 என்று எழுதிவந்தது விசாரணையில் தெரிந்தது. பணத்தை எண்ணாமல் இருப்பு எழுதுவது போலத்தான்! தொடர்ந்து அளக்கும் கருவி இருந்திருந்தால் தடுத்திருக்கலாம் என்றது விசாரணை ஆணையம். நஷ்டமோ 6 கோடி கனடா டாலருக்கு மேல்.

பரிசோதனைச் செலவுக்கு ரசீது உண்டு. வராத வயிற்றுப்போக்குக்கு ரசீது கிடையாது. அதனால்தான் இது வீண்செலவாகத் தெரிகிறது.

இந்தியத் தர நிர்ணயப்படி 100 மி.லி. குடிநீரில் ஈ.கோலை அறவே இருக்கக் கூடாது. குளோரின் போட்ட தண்ணீரில், குழாய்க்கு வரும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். குளோரினை டெஸ்ட் கிட் வைத்து தினமும் நாமே பார்க்கலாம். கிருமிச் சோதனையை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பெருமழைக்குப் பிறகும் ஆய்வகத்தில் செய்தால் போதும் என்பது என் யோசனை.

ஒரே வேண்டுகோள்: அளக்காத நாளில் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.