மார்க் போட இவர்கள் யார்?

(காரைக்கால் விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆள்கடத்தலைத் தடுப்பதில் எந்த நாடு எந்தத் தரம் என்று 2001 முதல் அமெரிக்க சர்க்கார் ஆண்டுதோறும் மார்க் போடுகிறது. 2004 முதல் 2010 வரை இந்தியாவைக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்தது. அந்நியன் மார்க் போடுவதா என்று டில்லி சீறியது, பத்திரிகைகளும் சீறின.

சீறட்டும், நியாயந்தான். தனக்குத் தானே அமெரிக்கா மார்க் போட்டது 2010-ல்தான். அதுவும் முதல் தரம்! கத்ரீனா புயலுக்குப் பின், 2006-ல், சிக்னல் இன்டர்நேஷனல் கம்பெனியின் கப்பல் பட்டறைக்குப் போன சுமார் 500 இந்தியரைக் கேளுங்கள். கடன் வாங்கிக் கட்டிய பணம் ஆளுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். படுக்கை, ஒரு கொட்டடியில் 24 பேர். 2008-ல் வேலையை உதறி வெளியேறினார்கள். 2015-ல்தான் கோர்ட் நஷ்டஈடு விதித்தது.

நமக்கு இது பழைய கதை. இதே காரைக்காலிலிருந்து ரீயூனியன் கரும்புத் தோட்டத்துக்கு நம் முன்னோரைக் கப்பலேற்றினான் பிரெஞ்சுக்காரன். 1877-ல் கமிஷன் வைத்து, 1882-ல் அதை நிறுத்தினான் பிரிட்டிஷ்காரன். தான் இலங்கைத் தேயிலைக் காட்டுக்கு அனுப்பியதை நிறுத்தினானா?

ஆனால் கௌரவம் பேசும் கனவான்களே! 1976-லேயே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. அதன் பிறகும் முன்பணத்துக்குச் செங்கல் சூளையில் குடும்பங்கள் அடைபட்டன. 'சுமங்கலி' என்று மங்கலப் பெயர் வைத்து, கல்யாணப் பணம் தருவதாகச் சொல்லி, ஏழைப் பெண்களை மூன்றாண்டு நூல் மில் விடுதியில் பூட்டினார்கள். அப்போது எங்கே போயிற்று உங்கள் சீற்றம்?

தோழர்களே, ஊருக்குள் ஏஜென்டு வந்தால் மில்லின் பெயர், கூலி, முன்பணம் மூன்றையும் எழுதி வாங்குங்கள். அன்றைக்கே சங்கத்துக்குச் சொல்லுங்கள்.