தலைமையின் பாரம்



இன்று வாசிக்கப்பெற்ற எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்தில், இத்தனை மக்களையும் தனியொருவனாய்ச் சுமக்க இயலாதென்று மோசே இறைவனிடம் முறையிடுகிறார். எத்துணைப் பெருந்தலைவர்! எனினும் தம் இயலாமையை மறைத்தாரில்லை. பாரத்தைப் பகிர மூப்பர் 70 பேர் ஏற்படுத்தப்படுகின்றனர். பெயரெழுதப்பட்டும் கூடாரத்துக்குச் செல்லாத எல்தாத், மேதாத் இருவரும் பாளயத்திலேயே தீர்க்கதரிசனம் உரைக்கின்றனர். அவர்களைத் தடுக்கச் சொன்னவர் பகைவரல்லர். மோசேயின் பணியாளரான யோசுவா! தலைவனுக்கு இல்லாத பொறாமை தொண்டனுக்கு வந்துவிடுகிறது. மோசேயோ, மக்கள் அனைவருமே தீர்க்கதரிசிகளாகலாகாதா என்று ஏங்கினார்.

மாற்கு 9ஆம் அதிகாரத்திலும் இதே நிலைதான். இயேசுவின் நாமத்தால் பேயோட்டிய ஒருவனைச் சீடர்கள் தடுத்தார்கள். தங்களைப் பின்பற்றாதவனாம்! விசுவாசத்தால் அவன் செய்ததைச் சில நாட்களின் முன்னர் செய்யமாட்டாது நின்றவர்கள் இவர்களே. தம்முள் எவன் பெரியவனென்று வழியெல்லாம் வாதாடியவர்களும் இவர்களே. தடுக்கவேண்டாமென்றார் இயேசு.