ஒட்டகத்தைக் கட்டிய பிறகே தவக்குல்

 

பள்ளிக்கூட விடுமுறையும் பெருநாள் விடுமுறையும் வந்துவிட்டால், ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் குடும்பங்கள் வேன் பிடித்து மலைக்குப் புறப்படுகின்றன. ஆண்டு முழுவதும் நூற்பாலையிலும் கடையிலும் உழைத்தவர், மனைவி மக்களோடு இரண்டு நாட்கள் குளிர்ந்த காற்றில் இருக்க விரும்புவதில் தவறேதும் இல்லை. உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு. குடும்பத்தாருக்கும் உரிமை உண்டு. பூமியில் பயணம் செய்து படைப்பின் அத்தாட்சிகளைப் பார்க்குமாறு தூண்டுகிற மார்க்கம் நம்முடையது.

நம் ஊர்களுக்கு மேற்கே எழுந்து நிற்கும் மலைக்காடு 2021-ஆம் ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதை ஒட்டிக் கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகம் இருக்கிறது. தேனி, கம்பம், குமுளி வழியாகச் சுற்றிச் சென்றால் அங்குள்ள தேக்கடியை அடையலாம். 1895-இல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையால் உருவானதே தேக்கடி ஏரி. அன்று நீரில் மூழ்கிய மரங்களின் பட்ட கட்டைகள் இன்றும் ஏரியின் நடுவே நிற்கின்றன. கரைக்கு வரும் யானைகளையும் காட்டு மாடுகளையும் படகிலிருந்தே காணலாம். உள்ளம் தானாகவே 'சுப்ஹானல்லாஹ்' என்று சொல்லும் இடம் அது.

அதே ஏரியில்தான் 2009 செப்டம்பர் 30 அன்று மாலை, கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்தது. 45 பேர் மாண்டனர். அவர்களில் நம் தமிழகத்திலிருந்து சென்றவர்களும் இருந்தனர். கரையில் விலங்குகளைக் கண்டதும் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டதில் படகு சாய்ந்ததாகச் செய்திகள் வெளியாயின. மேல்தளத்தில் பாரம் ஏறினால் படகின் நிலை தளரும். அந்தப் பாரம் ஒரே பக்கம் நகர்ந்தால், சாய்ந்த படகு நிமிர இயலாது. பயணிகள் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்கவில்லை. அந்த விபத்துக்குப் பின்னரே அங்கே அங்கி கட்டாயமாக்கப்பட்டது.

சிந்தியுங்கள் சகோதரர்களே! கலத்தின் அமைப்புக்கும் அங்கி தருவதற்கும் அதை நடத்துவோர் பொறுப்பு. அதில் குறை வைப்போர் மனிதர்களிடமும் இறைவனிடமும் பதில் சொல்லியாக வேண்டும். ஆயினும் நம் பங்கு ஒன்றும் இல்லையா?

“அஜல் வந்தால் எங்கிருந்தாலும் வரும், அங்கி என்ன செய்யும்?” என்று சிலர் கேட்கின்றனர். அஜல் குறிக்கப்பட்டது என்பது நம் ஈமான், அதில் ஐயமில்லை. ஆனால் அது எப்போது, எங்கே என்பதை நமக்கு அறிவிக்கவில்லையே! அறியாத ஒன்றைக் காரணம் காட்டி, அறிந்த கடமையை விடுவது எப்படி முறையாகும்? இப்படிப் பேசுகிறவரும் இரவில் கடையைப் பூட்டிவிட்டுத்தானே வீடு செல்கிறார்? சரக்குக்குப் பூட்டுப் போடத் தெரிந்த நமக்கு, பிள்ளையின் நெஞ்சில் அங்கியின் வாரைப் பூட்டத் தெரிய வேண்டாமா?

நூஹ் (அலை) அவர்களை அந்தப் பெரு வெள்ளத்திலிருந்து எவ்விதச் சாதனமும் இன்றிக் காப்பாற்ற அல்லாஹ்வால் இயலாதா? ஆயினும் பலகை சேர்த்து, ஆணி அறைந்து, கப்பல் கட்டுமாறு ஒரு நபிக்கே கட்டளை வந்தது. தவக்குல் என்பது கையைக் கட்டிக்கொண்டு இருப்பதன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு, பிறகு இறைவனிடம் ஒப்படைப்பதே நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த தவக்குல்.

ஆண்டுகள் கடந்தும் பாடம் நிலைக்கவில்லை. 2023 மே 7 அன்று மலப்புரம் மாவட்டத்தின் தானூரில், அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிப் பொழுது சாய்ந்த பின் சென்ற உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். அவர்களில் 11 பேர் ஒரே குடும்பத்தினர். விடுமுறைக்கு ஒன்றுகூடிய ஒரு குடும்பம், மறுநாள் ஒன்றாக அடக்கம் செய்யப்பட்டது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

ஆகவே, குடும்பத் தலைவர்களே! படகில் ஏறுமுன் துஆ ஓதுங்கள். ஓதியபின் அங்கியை அணியுங்கள். மடியில் வைத்திருப்பது அணிந்ததாகாது. பிள்ளைகளுக்கு அவர்களின் அளவுக்கேற்ற அங்கியைக் கேட்டு வாங்குங்கள். கூட்டம் மிகுந்த படகில் ஏறாதீர்கள். கொடுத்த கட்டணம் போனாலும் போகட்டும். யானை தெரிந்தாலும் இருக்கையை விட்டு எழாதீர்கள். பொழுது சாய்ந்தால் கரையிலேயே இருங்கள்.

இளைஞர்களே! நீரின் விளிம்பில் நின்று படம் எடுப்பதும், தடை போட்ட இடத்தில் குதிப்பதும் வீரமன்று. உங்கள் உயிர் உங்களுக்குச் சொந்தமானதன்று, அது அமானிதம். வீட்டில் உங்களுக்காகக் காத்திருக்கும் தாய்க்கும் அதில் பங்குண்டு.

மனைவியும் மக்களும் நம்மை நம்பித்தான் வேனில் ஏறுகிறார்கள். “அத்தா இருக்கிறார்” என்ற தைரியத்தில்தான் பிள்ளை படகில் கால் வைக்கிறது. அந்த நம்பிக்கையைப் பற்றியும் நாளை நாம் விசாரிக்கப்படுவோம்.

மகிழ்வோடு புறப்பட்டு, நலத்தோடு இல்லம் திரும்பும் பயணங்களை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! நீரில் உயிர்நீத்தோரின் குடும்பத்தாருக்கு அழகிய பொறுமையை வழங்குவானாக! ஆமீன்.