நாவலும் நிலைத்த மனமும்

(ஆண்டு விழாச் சொற்பொழிவு)



நாவல் வாசிக்கும்போது மனத்தை நிலைநிறுத்துவது எப்படி என்பதே இன்று எமக்குத் தரப்பட்ட பொருள். ஒரு காலத்தில் நாவல் வாசிக்கும் பிள்ளையைப் பெற்றார் கண்டித்தனர். பாடப்புத்தகத்துள் கதைப்புத்தகத்தை ஒளித்து வாசித்தவர்கள் இச்சபையின் முன்வரிசையிலேயே இருக்கக்கூடும். இன்றோ அதே பெரியோர், "பிள்ளைகள் ஒரு கதைப்புத்தகத்தையாவது முழுதாக வாசிக்கிறார்கள் இல்லையே" என்று கவலைப்படுகின்றனர். இளைஞரைக் கேட்டால், "வாசிக்க ஆசைதான், பத்துப் பக்கம் போனதும் மனம் வேறெங்கோ போய்விடுகிறது" என்கின்றனர். இருசாராரும் சொல்வது உண்மையே. ஆகவே எவரையும் குறைகூறாது, காரணத்தையும் பரிகாரத்தையும் ஆராய்வோம்.

நம் கண்ணெதிரே கிடக்கும் கொட்டியாரக் குடாவிலிருந்தே தொடங்கலாம். 1659ஆம் ஆண்டிலே, புயலில் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் அங்கே வந்து தங்கியது. அடுத்த ஆண்டு அதன் தலைவரும், அவர் மகன் றொபேட் நொக்ஸும், மாலுமிகள் சிலரும் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டனர். மகன் நொக்ஸ் 1679இல் தப்பிச் செல்லும்வரை ஏறத்தாழ 19 ஆண்டுகள் உள்நாட்டிலே கழித்தார். தொடக்கத்தில் அவர் கையில் இருந்தவை இரண்டே சமயநூல்கள். அவற்றைத் திரும்பத் திரும்ப வாசித்து ஏறக்குறைய மனப்பாடமாக்கிக் கொண்டதாக, 1681இல் இலண்டனில் வெளிவந்த தம் நூலிலே அவரே எழுதியிருக்கிறார். அந்நூல் ஆங்கில நாவலின் தொடக்க காலத்தையும் தொட்டது. டானியல் டீபோ 1720இல் வெளியிட்ட 'கப்டன் சிங்கிள்டன்' என்னும் நாவலில் நொக்ஸின் வரலாற்றை எடுத்துச் சொல்கிறார்.

நொக்ஸிடம் நூல்கள் குறைவு. கவனத்தைக் கலைக்கும் பொருள்களும் குறைவு. நம் நிலையோ நேர்மாறு. நூல்கள் மலிந்து கிடக்கின்றன. சட்டைப்பையிலே கைத்தொலைபேசி ஓயாது கூப்பிடுகின்றது. அது ஒலித்ததும் நாம் எடுத்துப் பார்ப்பது ஒரு விநாடிதான். ஆயினும் விட்ட கதைக்குள் மீண்டும் நுழைவதற்கு ஒரு பக்கமாவது வேண்டியிருக்கின்றது. நாலுமுறை அப்படிப் பார்த்தவன் நாலுமுறை கதையை விட்டு வெளியே போனவனாவான். பிறகு, "நாவல் சுவைக்கவில்லை" என்று நூலின்மீது பழி போடுகின்றான்! நாமாக விரும்பி, நாளொன்றுக்கு அரைமணி நேரச் சிறையிருப்பை ஏற்றுக்கொண்டாற் போதும். தொலைபேசியை வேறோர் அறையில் வைத்துவிட்டு, ஒரே நூலோடு, ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் அமர்வதே முதற்படி.

அப்படி அமர்ந்தும் மனம் ஓடினால், அதற்குக் காரணம் பெரும்பாலும் நாவலின் அமைப்பிலே இருக்கும். நாவல் என்பது பலர் வாழும் ஊர். புது ஊருக்குப் போகின்றவன் யார் யாருக்கு உறவு என்று கேட்டறியாவிட்டால், அங்கே நடப்பது ஒன்றும் விளங்காது. 'பொன்னியின் செல்வன்' கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்தது. அத்தனை பாத்திரங்களையும் வாசகர் எப்படி நினைவில் வைத்தார்கள்? வாரம் முழுதும் அதைப் பற்றியே பேசினார்கள். அடுத்து என்ன நடக்கும் என்று வாதாடினார்கள். அந்தப் பேச்சே நினைவைக் காத்தது. தனியே வாசிப்பவர் ஒரு துண்டுக் காகிதத்தில் பெயர்களையும் உறவுமுறைகளையும் குறித்துப் புத்தகத்துள் வைத்துக்கொள்ளலாம். மறுநாள் தொடங்குமுன் முதல்நாளின் கடைசிப் பக்கத்தை மறுபடி வாசிக்கலாம்.

இவற்றினும் சிறந்த வழியொன்று நம் கோயில்களிலேயே உண்டு. அதுவே புராணபடனம். ஒருவர் செய்யுளை வாசிப்பார். மற்றொருவர் பயன் சொல்வார். 10,000க்கு மேற்பட்ட செய்யுள்களையுடைய கந்தபுராணத்தை, எழுத்தறியாதவரும் நாள்தோறும் வந்திருந்து கேட்டனர். பயன் சொல்கின்றவருக்கு மனம் அலைய இடமேது? அடுத்த செய்யுளின் பொருளைச் சபைக்கு உரைக்கும் கடமை அவர்மேல் இருக்கின்றதே! மனம் நிலைப்பதற்கு இக்கடமை உணர்ச்சியே பெருந்துணை. பிறருக்குச் சொல்ல வேண்டும் என்று வாசிப்பவன் கவனமாக வாசிக்கின்றான். வாசித்தோம் என்று பேர்பண்ண வாசிப்பவன் பக்கங்களை மட்டும் புரட்டுகின்றான்.

இம்முறையை நாவலுக்கும் கொண்டுவருவோம். எந்த நாவலிலிருந்து தொடங்குவது? தமிழின் முதல் வரலாற்று நாவல் என ஆய்வாளர் போற்றும் 'மோகனாங்கி' 1895இலே வெளிவந்தது. அதை எழுதிய சரவணமுத்துப்பிள்ளை நம் திருகோணமலையிற் பிறந்தவர். தஞ்சை, திருச்சி நாயக்கராட்சிக் காலத்தை அவர் கதைக்களமாகக் கொண்டார். அந்நூலின் பெயரைப் பரீட்சை வினாவுக்கு விடையாக அறிந்தோர் நம்முள் பலர். முதல் எழுத்திலிருந்து முடிவுவரை வாசித்தோர் எத்தனை பேர்? பெருமை பேச ஒரு பெயர் போதும்; அப்பெருமைக்கு உரியவராவதற்கு நூலை வாசித்தாக வேண்டும். வாசிப்போர் இல்லாத நூல், பெட்டியில் இருந்தாலும் இல்லாததே.

ஆகவே எமது வேண்டுகோள் இது: மன்றத்து இளைஞர் அந்நூலின் பிரதியைத் தேடிப் பெற்று, வாரம் ஒருநாள் வாசிகசாலையிற் கூடுங்கள். ஒருவர் வாசிக்க, மற்றொருவர் கதையின் போக்கை விளக்கட்டும். பழைய வசனநடை கடினமாக இருந்தால் பெரியோரை உதவிக்கு அழையுங்கள். நீண்ட நூலுக்கு இன்னும் பழகாதவர்கள், மூதூர் தந்த எழுத்தாளர் வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி' போன்ற சிறுகதையொன்றை ஒரே இருப்பில் வாசித்து முடித்துப் பழகட்டும். சிறு தோணியிலே துடுப்புப் பிடிக்கத் தெரிந்தவனே பின்பு பெருங்கடலுக்குப் போகின்றான்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளை புத்தகத்தோடு இருக்கும் அரைமணி நேரத்தில் அவனைக் கடைக்கு அனுப்பாதீர்கள். தொலைக்காட்சியின் ஓசையைக் குறையுங்கள். வாசித்ததும், "எத்தனை பக்கம் முடித்தாய்?" என்று கேளாமல், "கதையிலே என்ன நடந்தது?" என்று கேளுங்கள். அக்கேள்விக்கு விடை சொல்ல விரும்பும் பிள்ளை நாளையும் வாசிப்பான். உங்கள் கையிலும் ஒரு நூல் இருக்குமானால், அதைவிடச் சிறந்த உபதேசம் வேறில்லை.

அடுத்த ஆண்டு விழாவிலே இம்மேடையில் ஓர் இளைஞர் ஏறி, 'மோகனாங்கி'யின் கதையை முழுதாக நமக்குச் சொல்லட்டும். அதைக் கேட்கக் காத்திருக்கின்றோம்.