தோற்கன்றும் தாயுள்ளமும்

(மகாவீரர் பிறந்தநாள் விழாவில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

வர்த்தமானர் கருவுற்ற இரவில் அன்னை பிரியகாரிணி பதினாறு கனவுகளைக் கண்டாள் என்று ஆகமம் கூறும். அவற்றுள் முதலாவது யானை, இரண்டாவது வெண்ணிற எருது, மூன்றாவது சிங்கம். உலகிற்கு அறம் உரைக்க வந்தவரின் வருகையைத் தாய்க்கு முதலில் அறிவித்தவை விலங்குகளே. தாய்மையும் விலங்கும் அருகன் அறத்தில் ஒருங்கே தொடங்குகின்றன. இன்றைய பொருள் இதுவே: வீட்டில் உடன்வாழும் உயிர்கள், தாயின் மனம், இழந்த பின்னும் நெஞ்சை விட்டு நீங்காத பிரிவு.

தேனி மாவட்டத்தில், பெரியகுளத்தை அடுத்து, வராக நதிக்கரையில் வடுகபட்டி என்னும் ஊர் உள்ளது. பூண்டுச் சந்தையால் பலரும் அறிந்த ஊர். இழப்பை அறிந்த ஊரும் ஆகும். 1959ஆம் ஆண்டு வைகை அணை திறக்கப்பட்டது. அணையின் நீர்ப்பரப்பிற்கு இடம்விட்டுச் சில சிற்றூர்கள் மறைந்தன. அவற்றுள் ஒன்றான மேட்டூரிலிருந்து புறப்பட்ட குடும்பங்களில் ஒன்று வடுகபட்டிக்கு வந்து சேர்ந்தது. அக்குடும்பத்தின் சிறுவனே பின்னாளில் கவிஞர் வைரமுத்து என அறியப்பட்டார். மூழ்கிய மண்ணையும் அதன் மாந்தரையும் பற்றி அவர் எழுதிய 'கள்ளிக்காட்டு இதிகாசம்' 2003ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது.

உழவர் குடும்பம் ஊர் மாறுவது மனிதர் மட்டும் இடம் மாறுவதன்று. மாடும் கன்றும் ஆடும் கோழியும் உடன் நடக்கும். வீட்டிற்கு இழப்பீட்டுத் தொகை உண்டு, நிலத்திற்கும் உண்டு. பழகிய தொழுவத்தையும் மேய்ச்சல் வரப்பையும் இழந்த பசுவிற்கு எந்தக் கணக்கேட்டிலும் பக்கம் இல்லை. அது புதிய ஊரில் கட்டுத்தறியில் நின்று பழைய திசையை நோக்கிக் குரல் கொடுக்கும். அக்குரலின் பொருள் அவ்வீட்டின் தாய்க்கு மட்டும் விளங்கும். அவளும் அத்திசையிலிருந்தே வந்தவள்.

உழவர் வீட்டுப் பெண்ணின் நாள் தொழுவத்தில் தொடங்குகிறது. விடியற்காலையில் சாணம் அள்ளுதல், கழுநீர் வைத்தல், கன்றை அவிழ்த்துவிடுதல், பால் கறத்தல் ஆகிய அனைத்தும் வீட்டார் எழுமுன் முடிந்துவிடும். பசுவிற்குப் பெயர் உண்டு. லட்சுமி என்று அழைத்தால் திரும்பிப் பார்க்கும். வீட்டிற்கு மருமகள் வந்தால் அவள் கையைப் பசு பழகும்வரை மாமியாரே கறப்பார். மகள் மணமாகிச் சென்றால் அவள் வளர்த்த கிடாரி இரண்டு நாள் தீனியைக் குறைத்துக்கொள்ளும். திண்டிவனம், வந்தவாசி, ஆரணிப் பக்கங்களில் உழுதொழிலில் வாழ்ந்துவரும் தமிழ்ச் சமணர் இல்லங்களிலும் இதே காட்சிதான். மாட்டுப் பொங்கலன்று கொம்பிற்கு வண்ணம் தீட்டிய கைகள் இந்த அவையிலும் பல உண்டு.

பசுவும் பெண்ணும் கருவைச் சுமக்கும் காலம் ஏறத்தாழ ஒன்றே; இருவர்க்கும் சுமார் 280 நாள்கள். பிள்ளை மார்பைத் தொட்டவுடன் தாயின் உடலில் ஆக்சிடோசின் என்னும் சுரப்பு எழுந்து பாலை இறக்குகிறது. கன்று மடியை முட்டியவுடன் பசுவின் உடலில் எழுவதும் அதே சுரப்புத்தான். பிள்ளையின் மணமும் குரலும் தீண்டலும் இருந்தால் பால் தானே இறங்கும். அச்சமும் துயரமும் வந்தால் நின்றுவிடும். ஆகவே பால் சுரப்பது மடியின் செயல் மட்டுமன்று. மனத்தின் செயலும் ஆகும்.

இதனை நன்கு அறிந்தவர்கள்தான் தோற்கன்று செய்யக் கற்றார்கள். பிறந்த கன்று இறந்துவிடும். பசு பால் தர மறுக்கும். இறந்த கன்றின் தோலை உரித்து, உள்ளே வைக்கோலைத் திணித்து, தைத்து, பசுவின் முன் நிறுத்துவார்கள். பசு முகர்ந்து பார்க்கும். தன் கன்றின் மணம் அத்தோலில் இன்னும் இருக்கும். நாவால் நக்கும். நக்க நக்கப் பால் இறங்கும். அருகில் அமர்ந்தவர் கறந்து கொள்வார்.

இங்கே கத்தி இல்லை, குருதி இல்லை. கன்று தானாகவே இறந்தது. பசுவிற்குத் தீனியும் குறைவில்லை. 'இதில் கொலை எங்கே?' என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது போலவே தோன்றும். ஆனால், அண்மையில் குழந்தையை இழந்த தாய் ஒருத்தி அவ்வீட்டில் இருப்பதாக எண்ணிப் பார்க்கலாம். பிள்ளையின் சட்டையைப் பெட்டியின் அடியில் மடித்து வைத்திருக்கிறாள். யாரும் இல்லாத வேளையில் எடுத்து முகர்கிறாள். மீண்டும் மடித்து வைக்கிறாள். ஒருநாள் காலையில் தொழுவத்திற்குச் செல்கிறாள். பசு வைக்கோல் அடைத்த தோலை நக்கிக் கொண்டிருக்கிறது. பாத்திரத்தில் பால் நுரைத்து ஏறுகிறது. அந்தப் பாலை அவளால் அடுப்பில் ஏற்ற முடியுமா? முடியாது. சாத்திரம் படித்ததனால் அன்று. தன் பெட்டியின் அடியில் இருப்பது எதுவென்று அவள் அறிந்திருப்பதால்.

தோற்கன்று காட்டிக் கறந்த பாலைச் சான்றோர் உண்ணார் என்னும் கருத்துத் தமிழ் அறநூல் மரபில் உண்டு. உடலைத் துன்புறுத்தாமல் இருப்பது மட்டும் கொல்லாமை ஆகாது. ஒரு தாயின் அன்பை ஏமாற்றி எடுத்துக்கொள்ளும் பொருளும் வன்பொருளே என்பது அதன் உட்கிடை. மனம், மொழி, மெய் ஆகிய மூன்றாலும் அகிம்சை என்று நாள்தோறும் சொல்லும் சமுதாயத்திற்கு இது நேரடியாகக் கேட்கும் கேள்வி.

திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணி இக்கேள்வியை ஒரு வாழ்வு முழுவதும் விரித்துக் காட்டுகிறது. கணவன் சச்சந்தனை இழக்கும் நாளில் விசயை மயிற்பொறியில் ஏறித் தப்பி, சுடுகாட்டில் சீவகனை ஈன்றாள். பிள்ளையைப் பெற்ற அன்றே பிரிந்தாள். தன் குழந்தையை இழந்து அங்கு வந்த வணிகன் கந்துக்கடன் அப்பிள்ளையை எடுத்துச் சென்றான், சுநந்தை தாயானாள். ஒரு தாயின் இழப்பு மற்றொரு தாயின் இழப்பை ஆற்றியது.

சீவகனுக்கு இப்பிரிவு ஏன் நேர்ந்தது? காப்பியத்தின் இறுதியில் சாரணர் விடை கூறுகிறார். முற்பிறவியில் அவன் அசோதரன் என்னும் அரசிளங்குமரன். பொய்கையில் தாயோடு இருந்த அன்னக்குஞ்சு ஒன்றைப் பிடித்து, விளையாட்டிற்காக வளர்த்தான். அவன் அக்குஞ்சைக் கொல்லவில்லை. பாலும் உணவும் ஊட்டி அன்போடுதான் வளர்த்தான். தந்தை அறிவுறுத்திய பின் தன் தவற்றை உணர்ந்தான். எனினும் பறவைக் குஞ்சைத் தாயிடமிருந்து பிரித்த வினை, மறுபிறவியில் அவனைத் தன் தாயிடமிருந்து பிரித்தது. இங்குக் கவனிக்கத்தக்கது ஒன்று. குற்றம் வெறுப்பால் நிகழவில்லை; விருப்பத்தால் நிகழ்ந்தது. வளர்ப்பு உயிர்களிடம் காட்டும் அன்பிலும் ஆராய வேண்டிய இடம் உண்டு என்பதைத் தேவர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உணர்த்திவிட்டார். அதே சீவகன், அடிபட்டு உயிர்விடும் நாயின் செவியில் பஞ்ச நமஸ்காரத்தை ஓதினான். நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாயிற்று. பிரித்த கையும் அவன் கையே. ஆற்றிய கையும் அவன் கையே. வினையை மாற்றும் வாய்ப்பு மனிதனுக்கு எப்பிறவியிலும் உண்டு.

யசோதர காவியம் இன்னும் நெருங்கி வந்து சொல்கிறது. தீய கனவிற்குப் பரிகாரமாக உயிர்ப்பலி கொடுக்குமாறு தாய் சந்திரமதி வற்புறுத்த, யசோதரன் மாவினால் செய்த கோழியைப் பலியிட்டான். பின்னர்த் தாயும் மகனும் நஞ்சால் இறந்தனர். மகன் மயிலாகவும் தாய் நாயாகவும் பிறந்து, தாங்கள் வாழ்ந்த அதே அரண்மனைக்கே வந்து சேர்ந்தனர். அரியணையில் இருந்தவன் யசோதரனின் மகன். முற்றத்தில் உலவும் மயில் தன் தந்தை என்பதை அவன் அறியான். வாயிலில் கிடக்கும் நாய் தன் பாட்டி என்பதையும் அறியான். தாயாய் இருந்த நாயே மகனாய் இருந்த மயிலைக் கொன்றது. வீட்டு வாயிலில் படுத்திருக்கும் உயிர் எவருடைய தாயோ என்னும் எண்ணம் ஒருமுறை வந்துவிட்டால், அதன்மேல் கல்லெறியக் கை எழாது.

வடுகபட்டியிலிருந்து தெற்கே கம்பம் பள்ளத்தாக்கிற்குள் சென்றால் இரண்டு சான்றுகள் உண்டு. கம்பத்தில் நந்தகோபாலன் கோயில் தம்பிரான் மாட்டுத் தொழு உள்ளது. அங்குச் சிலை இல்லை. உயிருள்ள காளையே வணங்கப்படுகிறது. மக்கள் கன்றுகளை நேர்ந்து விடுகின்றனர். மாட்டுப் பொங்கலன்று சுற்றுவட்டாரத்து மக்கள் திரண்டு வருகின்றனர். அவர்கள் சமணர் அல்லர். எனினும் பயன் கருதாமல் ஒரு மந்தையைப் பேணும் அவ்வழக்கத்தைக் கண்டு சமணர் மகிழலாம், கற்கவும் செய்யலாம்.

மற்றொன்று உத்தமபாளையம். அங்குள்ள பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றோடு தொடர்புடைய வட்டெழுத்துக் கல்வெட்டுகளில் அச்சணந்தி அடிகளின் பெயர் காணப்படுகிறது. பாண்டிய நாட்டு மலைகள் பலவற்றில் அறம் பரப்பிய பெருந்துறவி அவர். மதுரைக்கு அருகே கீழக்குயில்குடி சமணர் மலையில், பேச்சிப்பள்ளத்தில், ஒரு திருமேனியின் கீழ் அதனைச் செய்வித்தவர் அச்சணந்தியின் தாயார் குணமதியார் என்று பொறிக்கப்பட்டுள்ளது.

மகன் துறவு பூண்டு மலைமலையாகச் சென்றுவிட்டான். துறவிக்குத் தாய் என்னும் பற்று இல்லை. தாய்க்கோ மகன் என்னும் நினைவு உண்டு. அந்நினைவை அம்மையார் கண்ணீராக மட்டும் வைத்திருக்கவில்லை. வணங்குவோர் அனைவர்க்கும் உரிய திருமேனியாகக் கல்லில் நிலைநிறுத்தினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அக்கல்லில் அவர் பெயர் அச்சணந்தியின் தாய் என்றே நிற்கிறது. இழப்பை எவ்வாறு அறமாக்குவது என்பதற்குத் தமிழ்ச் சமணப் பெண்களுக்கு இதனினும் உயர்ந்த முன்னோடி வேண்டியதில்லை.

இனி, இல்லந்தோறும் செய்யத்தக்கவை சில. அவை கடினமானவை அல்ல. சீம்பால் முதலில் கன்றுக்கே உரியது. நோயை எதிர்க்கும் ஆற்றலைக் கன்று அதிலிருந்தே பெறுகிறது. கறக்கும்போது கன்றின் பங்கை விட்டுக் கறப்பது முன்னோர் வழக்கம். கன்று வயிறார உண்ட பின் எஞ்சுவதே வீட்டிற்கு. கன்று இறந்தால் தோற்கன்று வேண்டாம். பால் சுரக்க ஊசியும் வேண்டாம். மடி கட்டிக்கொள்ளாத அளவிற்குக் கறந்து, பசுவைத் தடவிக்கொடுத்து, பால் தானே வற்ற விடலாம். சில மாத வருவாய் குறையும்; குறையட்டும். கறவை நின்ற பசுவையும் காளைக் கன்றையும் சந்தைக்கு ஓட்டுவதற்கு முன், அவை அங்கிருந்து எங்கே செல்லும் என்பதை வீட்டுத் தலைவர் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். தனி வீட்டினால் இயலாதெனில் ஊர்க் குடும்பங்கள் கூடிப் பொதுத் தொழுவம் அமைக்கலாம். சென்னை அயனாவரத்தில் உள்ள பிஞ்சராபோல் நூறாண்டுகளைக் கடந்து இப்பணியைச் செய்துவருகிறது. நகரத்தில் வாழ்வோர் பாலை வாங்குவதோடு கடமை முடிந்ததாகக் கொள்ளாமல், அத்தகைய தொழுவத்திற்கு ஒரு மாட்டின் ஓராண்டுத் தீனியை ஏற்கலாம். அதுவும் இயலாதோர் கோடையில் மாடியில் பறவைகளுக்கு வடிகட்டிய நீர் வைக்கலாம்.

வீட்டில் வளர்த்த உயிர் இறந்தால், 'மாடுதானே', 'நாய்தானே' என்று பிள்ளைகளைத் தேற்ற வேண்டாம். அச்சொல் அழுகையை நிறுத்தலாம். இரக்கத்தையும் சேர்த்து நிறுத்திவிடும். அழும் பிள்ளையை அழவிட்டு, அதனுடன் அமர்ந்து, இறந்த உயிரின் நல்வழிக்காகப் பஞ்ச நமஸ்காரம் சொல்லக் கற்பிப்பதே தாயின் கடமை. சீவகன் செய்தது அதுவே.

எல்லா உயிர்களிடமும் மன்னிப்பு வேண்டுவது அருகன் நெறியினரின் வழக்கம். அவ்வேண்டுதல் ஆலயத்தோடு முடியாதிருக்கட்டும். இன்று மாலை கதிர் மறையுமுன் உணவு கொண்டு, விளக்கேற்றிய பின், தொழுவமுள்ள வீட்டினர் ஒருமுறை அங்குச் சென்று நிற்கட்டும். கன்று தாயின் அருகே இருக்கிறதா, முட்டிக் குடிக்கக் கயிறு எட்டுகிறதா என்று பார்க்கட்டும். எட்டவில்லையெனில் முடிச்சை அவிழ்த்துவிடட்டும்.

வாழ்க அறம்! எல்லா உயிரும் நலம் பெறுக!