ஆயாம்மாவுக்கு லீவு உண்டா?

இந்த எபிசோடில் வாந்தி, பேதி எல்லாம் வரும். சாப்பிட்டுக்கொண்டே கேட்கிறவங்க கையைக் கழுவிட்டு வந்து கேளுங்க. சோப்பு போட்டுக் கழுவுங்க. ஏன் சோப்பு என்று பிறகு சொல்றேன்.

நான் ஒரு நர்ஸ். ஊர் பள்ளிகொண்டா. வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில், பெங்களூர் ஹைவேயில் டோல்கேட் வருமே, அந்த ஊர்தான். எங்க பக்கம் தோலும் ஷூவும்தான் பிழைப்பு. காலையில் கம்பெனி பஸ் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். படித்த பிள்ளைகள் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடுவாங்க. வீட்டில் மிஞ்சுவது வயசானவங்க. படுக்கையில் விழுந்துவிட்டால் பார்த்துக்க ஆள் இல்லை. அதனால் சின்னச் சின்ன முதியோர் இல்லங்கள் வந்திருக்கு. அப்படிச் சில இல்லங்களுக்கு நான் போய்வருகிறேன்.

அப்பாவையோ பாட்டியையோ சேர்ப்பதற்காக இல்லத்தைப் பார்க்க வருகிறவங்க முதலில் கேட்பது, "ஆர்ஓ தண்ணியா?" இந்த ஊரில் அது நியாயமான கேள்வி. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு என்ன பாடுபட்டது என்று எல்லோருக்கும் தெரியும். 2025 ஜனவரியில்கூட உச்ச நீதிமன்றம் இது பற்றித் தீர்ப்பு சொன்னது. ஆனால் தோல் கழிவு வேற கதை, பேதி வேற கதை. குடிநீரில் சாக்கடை கலந்தால் பேதி வரும், உண்மைதான். ஆனால் அருமையான ஆர்ஓ தண்ணீர் ஓடுகிற இல்லத்திலும் ஒரே வாரத்தில் பாதிப் பேர் படுத்துவிடலாம். காரணம், அங்கே கிருமி குழாயில் வருவதில்லை. கையில் வருகிறது.

அதனால் நான் கேட்கச் சொல்லும் கேள்வி வேற: "இங்க வேலை செய்ற ஆயாம்மாவுக்கு வயிறு சரியில்லேன்னா, சம்பளத்தோட லீவு உண்டா?" இன்றைக்குப் பேசப்போவது இதைப் பற்றித்தான்.

முதலில் கிருமி. வயிற்றைக் கெடுக்கிற கிருமிகள் நிறைய. மூடிய இடத்தில் பலர் சேர்ந்து வாழும்போது வேகமாகப் பரவுவதில் முன்னணி, நோரோ வைரஸ். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் நார்வாக் என்ற ஊரில் 1968-ல் ஒரு பள்ளியில் பலருக்கும் ஒரே நேரத்தில் வாந்தி வந்தது. 1972-ல் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் அந்த வைரஸைப் பார்த்தார்கள். ஊர்ப் பெயரே வைரஸுக்கும் வந்தது. இருபதுக்கும் குறைவான வைரஸ் துகள்கள் உள்ளே போனாலே நோய் வரலாம் என்று ஒரு மதிப்பீடு இருக்கு. உள்ளே போன 12 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வாந்தி, பேதி தொடங்கும். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாளில் அடங்கிவிடும். ஆனால் அடங்கிய பிறகும் மலத்தில் வைரஸ் இரண்டு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் வந்துகொண்டே இருக்கும்.

குழந்தைகளின் பேதிக்கு ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து இருக்கு. நம்ம நாட்டுத் தயாரிப்பான ரோட்டாவேக்கைச் சோதித்த இடங்களில் வேலூரும் ஒன்று. 2017 முதல் தமிழ்நாட்டில் இலவசமாகக் கொடுக்கிறாங்க. நோரோவுக்கு அப்படி ஒன்று இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. இருக்கிறது கை, சோப்பு, லீவு. இந்த மூன்றுதான்.

நான் பார்த்த ஒரு இல்லம். பெயர் வேண்டாம். 14 பெரியவங்க, பகலில் இரண்டு ஆயாம்மா. ஒருத்தருக்கு ராத்திரி வாந்தி. காலையில் கொஞ்சம் தேவலாம் என்று வேலைக்கு வந்துட்டாங்க. வராவிட்டால் அன்றைய கூலி கிடையாது. ஒரு தாத்தாவுக்கு டயப்பர் மாற்றினாங்க, கையில் சானிடைசர் தேய்த்தாங்க, அடுத்த பாட்டிக்கு இட்லி ஊட்டினாங்க. கோவிட் சொல்லிக்கொடுத்த பழக்கம் அது. ஆனால் சானிடைசருக்கு நோரோ அவ்வளவாக மசியாது. சோப்பும் ஓடுகிற தண்ணீரும் வைரஸைக் கையிலிருந்து கழுவி இறக்கிவிடும். அதுதான் வேலை செய்யும். மூன்றாவது நாள் ஐந்து பேருக்குப் பேதி. ஒரு பாட்டியை ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்ற வேண்டியதாயிற்று.

இதில் அந்த ஆயாம்மாவைத் திட்ட எனக்கு மனசு வரலை. அவங்க முன்பு ஷூ கம்பெனியில் தையல் செக்‌ஷனில் இருந்தவங்க. அங்கே இஎஸ்ஐ இருந்தது. உடம்புக்கு முடியாமல் லீவு போட்டால் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். அதிலும் முதல் இரண்டு நாளுக்குப் பொதுவாகப் பணம் வராது. நாலைந்து பேர் வேலை செய்கிற சின்ன இல்லத்தில் அதுவும் இல்லை. வயிற்றுப்போக்கோடு வந்தால் கூலி, வராவிட்டால் பட்டினி. இந்த நிலைமையில் வைத்துவிட்டு, சுவரில் "கை கழுவுங்கள்" என்று போஸ்டர் ஒட்டி என்ன பிரயோஜனம்?

சரி, இது ஏழை நாட்டுப் பிரச்சினை என்று நினைக்காதீங்க. இங்கிலாந்தில் வேக்ஃபீல்டு என்ற ஊரில் ஸ்டான்லி ராய்டு மனநல மருத்துவமனை. நிறைய பேர் வருஷக்கணக்கில் தங்கியிருந்த இடம், பலர் வயசானவங்க. 1984 ஆகஸ்டில், வேக வைத்த மாட்டிறைச்சியை ஃபிரிட்ஜில் வைக்காமல் பல மணி நேரம் வெளியே விட்டுட்டாங்க. சால்மோனெல்லா. 19 நோயாளிகள் இறந்தாங்க. அந்தக் காலத்தில் அரசு மருத்துவமனைச் சமையலறைகள்மேல் உணவுச் சட்டப்படி வழக்குப் போட முடியாது. விசாரணை நடந்து, பிறகு அந்தச் சலுகையையே எடுத்தாங்க. நம்ம ஊரிலும் 2022 அக்டோபரில் திருப்பூர் பக்கம் ஒரு சிறுவர் காப்பகத்தில் உணவு விஷமாகி மூன்று பிள்ளைகள் இறந்தாங்க. ஒரே அண்டாவில் சமைத்து எல்லோருக்கும் பரிமாறுகிற இடத்தில், ஒரு தப்பு எல்லோர் தட்டுக்கும் போய்விடும்.

இப்போ நடைமுறை. ஒரே இல்லத்தில் இரண்டு நாளுக்குள் இரண்டு பேருக்கு வாந்தியோ பேதியோ வந்தால், "நேத்து வடை ஒத்துக்கல" என்று விடாதீங்க. பரவல் தொடங்கிட்டது என்று எடுத்துக்கங்க. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் சொல்லணும். 104-ல் ஆலோசனை கேட்கலாம். நோய் வந்தவங்களுக்குத் தனி அறை, முடியாவிட்டால் தனிக் கழிவறை. கூடத்தில் சேர்ந்து சாப்பிடுவதை நிறுத்தணும். அவங்களைப் பார்க்கிற ஆயாம்மா சமையலறைப் பக்கம் போகக் கூடாது. கடைசி ஆளுக்கு நின்று இரண்டு நாள் ஆகும்வரை புதுசாக யாரையும் சேர்க்கக் கூடாது.

சுத்தம் செய்வது. பினாயில் வாசனை வந்தால் இடம் சுத்தம் என்று நமக்கு ஒரு நம்பிக்கை. நோரோ விஷயத்தில் பினாயிலை நம்ப முடியாது, குளோரின்தான் வேணும். கிளவுஸ் போட்டு முதலில் துடைத்து எடுங்க. பிறகு 5 சதவீத ஹைப்போகுளோரைட்டில் 100 மில்லிக்கு 900 மில்லி தண்ணீர் கலந்து அந்த இடத்தில் ஊற்றி பத்து நிமிஷம் விடுங்க. கதவுக் கைப்பிடி, கட்டில் கம்பி, கமோடு நாற்காலிக்கு, லிட்டருக்கு 20 மில்லி போதும். அன்றன்றைக்குப் புதுசாகக் கலக்கணும். கழிவறை ஆசிடோடு மட்டும் சேர்க்காதீங்க, விஷவாயு வரும்.

அடுத்து நோயாளி. வயசானவங்களைச் சாய்ப்பது பெரும்பாலும் கிருமி இல்லை, நீர் வற்றுவது. அவங்களுக்குத் தாகம் குறைவாகத்தான் தெரியும். மறதி நோய் இருந்தால் கேட்கவும் தெரியாது. சிலர் கழிவறைக்கு யாரையும் கூப்பிடச் சங்கடப்பட்டே தண்ணீர் குடிக்க மாட்டாங்க. அதனால் கேட்டால் கொடுப்பது என்பதெல்லாம் உதவாது. கொஞ்சம் கொஞ்சமாக, கடிகாரம் பார்த்து ஓஆர்எஸ் கொடுக்கணும். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகாலநபிஸ் டிரிப்ஸ் பாட்டில் தீர்ந்துபோய் இந்த உப்பு-சர்க்கரைக் கரைசலை டிரம்மில் கலந்து கொடுத்தார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. பாக்கெட் இல்லையா? ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி. சுகர் இருக்கிறவங்களுக்கும் கொடுக்கலாம், சுகரைப் பார்த்துக்கொண்டே. இதயம், கிட்னி பிரச்சினை இருந்தால் அளவை டாக்டரிடம் கேளுங்க. நீர் பிரியக் கொடுக்கிற மாத்திரை, சில பிரஷர், சுகர் மாத்திரைகளைப் பேதி நிற்கும்வரை நிறுத்தணுமா என்றும் அன்றைக்கே கேட்கணும். ரத்தம் கலந்து போனால், சிறுநீர் வராவிட்டால், திடீரென்று உளறினாலோ மயங்கிக் கிடந்தாலோ, 108. மெடிக்கல் ஷாப்பில் நீங்களே ஆன்டிபயாடிக் வாங்காதீங்க. வைரஸுக்கு அது உதவாது. சில சமயம் அதுவே வேற ஒரு கொடிய பேதியைக் கொண்டுவரும்.

கடைசியாக, அந்த லீவுக் கணக்கு. வாந்தியோ பேதியோ வந்த ஆயாம்மா, நின்ற பிறகும் 48 மணி நேரம் வேலைக்கு வரக் கூடாது. மொத்தம் நாலு நாள் என்று வைங்க. நாளுக்கு 500 ரூபாய் கூலி என்றால் 2,000. 14 குடும்பத்துக்குப் பிரித்தால் தலைக்கு 143 ரூபாய். ஒரு பிரியாணிக் காசு. ஒரு பாட்டி ஒரு நாள் ஆஸ்பத்திரியில் படுத்தாலே அதைவிட எத்தனையோ மடங்கு ஆகும்.

உங்க வீட்டுப் பெரியவங்க ஒரு இல்லத்தில் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை போகும்போது வாஷ்பேசினில் சோப்பு இருக்கா என்று பாருங்க. அப்படியே வார்டனிடம் அந்தக் கேள்வியையும் கேளுங்க. இல்லை என்று சொன்னால் சண்டை போடாதீங்க. மற்ற குடும்பங்களின் நம்பரை வாங்கி, இந்த 143 ரூபாய்க் கணக்கைச் சொல்லுங்க. உங்களுக்கே அன்றைக்கு வயிறு சரியில்லேன்னா, போகவே போகாதீங்க. வீடியோ காலில் பேசுங்க.