காட்டும் கருவியும் அளக்கும் கருவியும்

(முன்னாள் மாணவியர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை)



"மனையியல் கற்பித்தலில் தொழில்நுட்பக் கருவிகள்" என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. பெரிய தலைப்புதான். எனக்குத் தெரிந்த எல்லைக்குள், அதாவது யானைக்கவுனியில் நான் பாடம் நடத்தும் பள்ளியை வைத்து, நாலு வார்த்தை சொல்கிறேன்.

யானைக்கவுனி என்றதும் உங்களில் பலருக்கு வால்டாக்ஸ் ரோடும் பார்சல் ஆபீஸ்களும் லாரிகளும்தான் ஞாபகத்துக்கு வரும். கறுப்பர் நகரத்தைச் சுற்றிக் கம்பெனிக்காரர்கள் 18-ஆம் நூற்றாண்டில் கட்டிய மதிலின் வாசல்களில் ஒன்று இந்தக் கவுனி. மதில் செலவுக்காக ஜனங்களிடம் வரி வாங்க நினைத்தார்கள். அந்த வரி வசூலாகவே இல்லை, ரோட்டுக்குப் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. நம் பள்ளிகளில் "தொழில்நுட்பம்" என்ற வார்த்தையும் சில சமயம் அப்படித்தான். பெயர்ப்பலகை இருக்கும், வசூல் இருக்காது.

என் மாணவிகளின் அப்பாக்கள் பார்சல் ஆபீசில் மூட்டை தூக்குகிறவர்கள், சவுகார்பேட்டையில் நகைப் பட்டறையில் வேலை செய்கிறவர்கள், துறைமுகத்தில் கூலிக்குப் போகிறவர்கள். ஒரே பெஞ்சில் தமிழ், தெலுங்கு, இந்தி பேசும் பிள்ளைகள். பாதிக்கு மேல் போர்ஷன் வீடு. இந்தப் பிள்ளைகளுக்கு மனையியல் எதற்கு என்று என்னிடம் கேட்காதவர்கள் இல்லை. "சமையல் வீட்டிலேயே கத்துக்குவாளே மிஸ்" என்று ஒரு தாயார் குரூப்பை மாற்றச் சொல்லி வந்து நின்றார். சேருகிறவர்கள் குறைந்தால் குரூப்பையே மூடிவிடுவார்கள். ஆகவே இது எங்களுக்குப் பிழைப்புப் பிரச்சினையும்கூட.

சமையல் பாடம் என்று சொல்கிறவர்களுக்கு நான் எல்லன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் அம்மையாரின் கதையைச் சொல்வேன். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் சேர்ந்த முதல் பெண். 1873-இல் வேதியியலில் பட்டம் வாங்கினார். மாசசூசெட்ஸ் மாநிலம் முழுக்கக் குடிநீர் மாதிரிகளை எடுத்துச் சோதித்தார். சமையலுக்கும் துப்புரவுக்கும் பின்னால் இருக்கும் வேதியியலைப் பற்றி 1882-இல் புத்தகம் எழுதினார். 1909-இல் அமெரிக்க மனைப் பொருளியல் சங்கம் பிறந்தபோது அதன் முதல் தலைவரும் அவரே. அந்தச் சங்கம் 1994-இல் தன் பெயரைக் "குடும்ப, நுகர்வோர் அறிவியல்" என்று மாற்றிக்கொண்டது. நம் மாநிலத்தில் 1957-இல் கோயம்புத்தூரில் மனையியல் கல்லூரியாகத் தொடங்கிய அவினாசிலிங்கம், 1988-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. இந்தப் பாடத்தின் வேர் அடுப்படியில் இருக்கலாம். ஆனால் அதை வளர்த்தது அளவை. தண்ணீரில் என்ன இருக்கிறது, சோற்றில் எவ்வளவு சத்து, செலவு எங்கே போகிறது என்று அளந்து பார்த்த பெண்கள் உண்டாக்கிய பாடம் இது.

இப்போது கருவிகளுக்கு வருகிறேன். நாம் படித்தபோது சார்ட், ஃபிளானல் போர்டு, ஸ்லைடு புரொஜெக்டர். சென்னையில் தொலைக்காட்சி வந்தது 1975 ஆகஸ்டில். பல்கலைக்கழக மானியக் குழுவின் கல்வி ஒளிபரப்பு 1984-இல் தொடங்கியது. 2011-இல் மாணவர்களுக்கு அரசு மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தது. 2018-இல் வந்த புதிய பாடப்புத்தகங்களில் க்யூ.ஆர். கோடு அச்சாயிற்று. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி. 2020-இல் கொரோனா வந்து பள்ளிக்கூடத்தையே செல்போனுக்குள் போட்டுவிட்டது.

இவற்றில் எதையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஃபிளானல் போர்டிலிருந்து ஸ்மார்ட் போர்டு வரைக்கும் நாம் வாங்கியவை எல்லாம் பெரும்பாலும் காட்டும் கருவிகள். பிள்ளை உட்கார்ந்து பார்க்கிறாள். நன்றாக இருக்கிறது. மணி அடித்ததும் எழுந்து போகிறாள். மனையியலுக்கு உண்மையில் தேவைப்படுவது அளக்கும் கருவி. அது விலையும் குறைவு. நான் வகுப்பில் செய்கிற நாலு காரியங்களைச் சொல்கிறேன்.

முதலாவது மின்சாரம். பிளக்கில் செருகும் சின்ன மீட்டர் ஒன்று கடைகளில் கிடைக்கிறது. அதன் வழியாக ஒரு சாமானை ஓட்டினால் எத்தனை யூனிட் ஆயிற்று என்று காட்டும். முதலில் கணக்குப் போடச் சொல்வேன். 150 வாட் கிரைண்டர் 40 நிமிஷம் ஓடினால் 0.1 யூனிட். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் அரை மணி என்றால் 0.5 யூனிட். கிரைண்டர்தான் கரண்டைக் குடிக்கிறது என்று நினைத்திருந்த பிள்ளைகளுக்கு இதுவே ஆச்சரியம். அப்புறம் மீட்டரில் போட்டுப் பார்ப்போம். அயர்ன் பாக்ஸ் கணக்கில் வந்ததைவிடக் குறைவாகவே காட்டும். "ஏன் மிஸ்?" என்பார்கள். சூடு ஏறியதும் உள்ளே தெர்மோஸ்டாட் கரண்டை நிறுத்தி நிறுத்திக் கொடுக்கிறது. இதை வீடியோவில் காட்டினால் அந்த "ஏன்" வராது.

அதே கணக்கை மின்விசிறிக்குப் போடுவோம். பழைய 75 வாட் ஃபேன் தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு, அதாவது 60 நாளைக்கு, 67.5 யூனிட். 30 வாட்டில் ஓடும் புது மாதிரி ஃபேன் என்றால் 27 யூனிட். மிச்சம் சுமார் 40 யூனிட். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016-இல் நம் மாநிலத்தில் வந்தது. ஆனால் போர்ஷனில் குடியிருந்து, ஹவுஸ் ஓனர் வைத்த சப் மீட்டருக்கு அவர் சொல்லும் ரேட்டில் பணம் கட்டுகிற குடும்பத்துக்கு அந்தச் சலுகை பல சமயம் போய்ச் சேருவதில்லை. ஒரு பெண் தினமும் காலையில் சப் மீட்டர் எண்ணை நோட்டில் எழுதி வந்தாள். இரண்டு மாதம் கழித்து அவள் அம்மா அந்த நோட்டோடு போய்ப் பேசினார். ஓனர் ரேட்டைக் குறைக்கவில்லை. ஆனால் அந்த மாதத்திலிருந்து பழைய ரீடிங், புது ரீடிங் இரண்டையும் சீட்டில் எழுதிக் கொடுக்கிறார். முதலில் குரூப்பை மாற்றச் சொல்லி வந்த தாயாரும் இவர்தான் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது தண்ணீர். மீஞ்சூர் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் 2010-இல் வந்த பிறகு வடசென்னைக்கு அந்த நீரும் கலந்து வந்தது. இது தவிர போர் தண்ணீர், கேன் தண்ணீர். பேனா மாதிரி இருக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்தான். நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவை அது சொல்லும். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு நீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். பிள்ளைகள் மூன்று பாட்டிலில் மூன்று தண்ணீர் கொண்டுவருவார்கள். எண் குறைந்தால் நல்ல தண்ணீர் என்று உடனே கைதட்டுவார்கள். அங்கேதான் பாடம் தொடங்குகிறது. இந்தப் பேனாவுக்குக் கிருமி தெரியாது, சாக்கடை கலந்தாலும் தெரியாமல் போகலாம். அதனால் குளோரின் சொட்டு மருந்துச் சோதனையையும் சேர்த்துச் செய்கிறோம். ஒரு கருவி எதை அளக்கிறது, எதை அளக்காது என்று தெரிந்துகொள்வதுதான் தொழில்நுட்பக் கல்வி.

மூன்றாவது தங்கம். தங்கசாலைத் தெருவும் என்.எஸ்.சி. போஸ் ரோடும் பக்கத்தில் இருக்கும்போது இதைச் சொல்லிக்கொடுக்காமல் இருக்க முடியுமா? 2023 ஏப்ரல் 1 முதல் கடையில் விற்கும் ஹால்மார்க் நகையில் ஆறு எழுத்து, எண் கொண்ட அடையாளக் குறி இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அதை அடித்தால் நகை வகை, தூய்மை, சோதித்த மையம் எல்லாம் வரும். ஐ.எஸ்.ஐ. முத்திரையின் கீழ் உள்ள லைசென்ஸ் எண்ணையும் அதிலேயே சரிபார்க்கலாம். குக்கரோ சுவிட்சோ, முத்திரை அசலா போலியா என்று தெரிந்துவிடும். ஆனால் 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை. எங்கள் பிள்ளைகளின் வீட்டில் வாங்குவது பெரும்பாலும் அந்தச் சின்னத் தோடும் மூக்குத்தியும்தானே! அங்கே செயலி உதவாது. பில் கேட்டு வாங்குவதுதான் உதவும். அம்மாவின் பழைய நகையில் இந்தக் குறி இல்லை என்பதால் அது போலி என்றும் ஆகாது. இரண்டையும் அழுத்திச் சொல்கிறேன், இல்லாவிட்டால் வீட்டில் வீண் சண்டை. ஏமாந்தால் 1915 என்ற எண்ணுக்குப் பேசலாம். 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்கும் போடலாம்.

நான்காவது உணவு. குன்னூர் ஆய்வுக்கூடத்தில் அய்க்ராய்ட் 1937-இல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டார். ஹைதராபாதுக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று வளர்ந்திருக்கும் அதே ஸ்தாபனம், 2017-இல் 528 உணவுப் பொருள்களுக்குப் புது அட்டவணை தந்திருக்கிறது. நாம் படித்தபோது ஒரு நாள் உணவைக் கையால் கணக்குப் போட ஒரு பீரியட் போய்விடும். முடிவு வந்ததும் நோட்டை மூடிவிடுவோம். இப்போது லேபில் உள்ள கம்ப்யூட்டரில் எக்ஸெல் தாளில் அட்டவணையை ஏற்றி வைத்திருக்கிறேன். அதனால் "மாற்றினால் என்ன ஆகும்?" என்று கேட்க நேரம் கிடைக்கிறது. 100 கிராம் தீட்டிய அரிசியில் கால்சியம் சுமார் 7.5 மில்லிகிராம். அதே அளவு கேழ்வரகில் சுமார் 364. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 1000. எண்ணை மாற்றியதும் கீழே கூட்டுத்தொகை ஏறுவதைப் பார்த்து ஒரு பெண், "எங்க ஆயா குடிக்கிற கூழ்தானே மிஸ் இது" என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் நாலு சார்ட் எழுதியிருப்பேன்.

இனி கஷ்டங்களையும் சொல்ல வேண்டும். செல்போன் யாருடையது? அநேக வீடுகளில் ஒரே போன், அது அப்பாவிடமோ அண்ணனிடமோ இருக்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் பெண்ணின் கைக்கு வரும், சில வீடுகளில் வரவே வராது. எங்கள் பள்ளிக்குள் மாணவிகள் போன் கொண்டுவர அனுமதியும் இல்லை. ஆகவே போன் இல்லாவிட்டால் செய்ய முடியாத வீட்டுப்பாடம் எதையும் நான் கொடுப்பதில்லை. அளப்பது, நோட்டில் எழுதுவது வீட்டில். செயலியும் எக்ஸெலும் பள்ளியில், நாலு பேருக்கு ஒன்று என்று முறைவைத்து.

இன்னொன்று மானம். வீட்டுக் கணக்கை வகுப்பில் உரக்கப் படிக்க வைக்கக் கூடாது. ஒருத்தி வீட்டில் ஏ.சி., இன்னொருத்தி வீட்டில் ஒரே பல்பு. பெயர் எழுதாமல் எண் மட்டும் போட்டு வாங்குகிறேன். கருவி புதிது என்பதற்காக இந்தப் பழைய நாகரிகத்தை விட்டுவிட முடியாது.

கரண்டே தேவைப்படாத கருவியும் உண்டு. கேஸ் சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் ஏ, பி, சி, டி என்ற எழுத்தோடு ஒரு வருஷம் இருக்கும். வருஷத்தின் எந்தக் காலாண்டுக்குள் அதை மறுசோதனை செய்ய வேண்டும் என்பதன் குறி அது. அதைப் படிக்கக் கற்ற பெண், தேதி தாண்டிய சிலிண்டரை வாசலிலேயே திருப்பி அனுப்புவாள். அதுவும் என் கணக்கில் தொழில்நுட்பம்தான்.

தங்கைகளே, இந்தக் குரூப்பில் படிக்கிறோமே என்று யாரும் கூச்சப்பட வேண்டாம். வீட்டில் ஒரு பெண் சொல்லும் அபிப்பிராயத்தை "உனக்கென்ன தெரியும்" என்று ஒதுக்குவது சுலபம். அவள் நோட்டில் 60 நாள் எழுதிய எண்ணை ஒதுக்குவது அவ்வளவு சுலபமில்லை.

தோழிகளே, நிறைவாக ஒரு வேண்டுகோள். சங்கத்தின் சார்பில் ஏதாவது பள்ளிக்குச் செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பேசுகிறோம். பெரிய திரை வாங்கித் தர வேண்டாம். ஒரு டிரங்குப் பெட்டி போதும். அதில் பிளக் மீட்டர் நாலு, டி.டி.எஸ். பேனா நாலு, குளோரின் சோதனைச் சொட்டு, சமையலறைத் தராசு, தெர்மாமீட்டர், அளவுக் கரண்டிகள். ஒரு பள்ளியில் ஒரு மாதம் இருந்துவிட்டு ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று அடுத்த பள்ளிக்குப் போகட்டும். பெட்டியோடு மாதம் ஒரு சனிக்கிழமை நம்மில் ஒருவரும் போகட்டும். கருவியைக் கொடுத்துவிட்டு ஆளைக் கொடுக்காவிட்டால் அது பீரோவில் பூட்டித்தான் கிடக்கும், இதை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். முதல் பெட்டிக்கு என் பங்காகத் தராசும் முதல் மூன்று சனிக்கிழமைகளும். மற்றதை நீங்கள் சொல்லுங்கள்.